தெளிந்த நீரும் தூய நீரும்



ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் இருக்கிறது. தூசி இல்லை, நிறம் இல்லை, நாற்றமும் இல்லை. இந்த நீர் தூய்மையானதா என்று கேட்டால் நம்மில் பலர் தயங்காமல் ஆம் என்போம். ஆனால் வரலாறு அந்த விடையை ஏற்றுக்கொள்ளவில்லை. கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீர் வேறு, உடலுக்குத் தீங்கு செய்யாத நீர் வேறு. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்ள மனித இனத்துக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகள் பிடித்தன. அதற்குக் கொடுத்த விலையும் பெரிது. அந்தக் கதையைப் பலர் சேர்ந்து குளிக்கும் வெந்நீர்த் தொட்டியை வைத்து இன்று பார்ப்போம்.

தோட்டத்தில் வாழும் நமக்கு வெந்நீர்த் தொட்டி எதற்கு என்று சிலர் நினைக்கலாம். விடுமுறை நாளில் பேராக் மாநிலத்துச் சுங்கை கிளா போன்ற வெந்நீர் ஊற்றுகளுக்குக் குடும்பத்தோடு போய்வருகிறோம். தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் பலர் இன்று நகரங்களிலும் கடற்கரைகளிலும் உள்ள தங்கும் விடுதிகளில் வேலை பார்க்கிறார்கள். அங்கே நீச்சல் குளத்தையும் வெந்நீர்த் தொட்டியையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவர்களில் யாருக்கும் வரலாம். ஆகவே இது நம் வீட்டுச் செய்தியும்தான்.

முதலில் பழைய ரோமாபுரிக்குச் செல்வோம். உலகத்தில் பொதுக் குளியலைப் பெரிய கலையாக வளர்த்தவர்கள் ரோமானியர்கள். கி.பி. 216ஆம் ஆண்டில் காரக்கல்லா என்ற பேரரசன் காலத்தில் திறக்கப்பட்ட குளியல் மாளிகையின் இடிபாடுகளை இன்றும் ரோம் நகரில் காணலாம். சூடான அறை, இளஞ்சூடான அறை, குளிர்ந்த நீர்க் குளம் என்று பல பிரிவுகள் அங்கே இருந்தன. ரோமானியரும் நம்மைப் போல உடம்பில் எண்ணெய் தேய்த்துக்கொண்டார்கள். அந்த எண்ணெயையும் அழுக்கையும் வளைந்த உலோகக் கருவி ஒன்றால் வழித்தெடுத்த பிறகே வெந்நீரில் இறங்கினார்கள். செல்வரும் ஏழையரும் ஒரே குளத்தில் குளித்தார்கள். நோய் தீரவேண்டும் என்று மருத்துவர் சொல்லி அனுப்பிய நோயாளிகளும் அதே நீரில் இறங்கினார்கள். அந்த நீரில் கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் இல்லை. அப்படி ஒன்று உண்டு என்பதையே அக்காலத்தில் யாரும் அறியவில்லை.

ஆனால் ஒரு சிலருக்குச் சந்தேகம் இருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த செல்சஸ் என்பவர் மருத்துவ நூல் ஒன்றை எழுதினார். புண் சுத்தமாகாத நிலையில் பொதுக் குளியலுக்குப் போவது மிகவும் கெடுதல், அது புண்ணை ஈரமாக்கி அழுக்காக்கி அழுகச் செய்யும் என்று அவர் எச்சரித்தார். கிருமி என்ற ஒன்றைக் காணாமலே, விளைவைப் பார்த்துச் சொன்ன அறிவுரை அது. அவர் எண்ணம் சரிதான் என்பதற்கு அண்மைக் காலத்தில் வேறொரு சான்றும் கிடைத்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர் பியர்ஸ் மிட்செல், ரோமானியர் ஆட்சி நடந்த இடங்களில் கிடைத்த பழைய கழிவுகளை ஆராய்ந்த முடிவுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டில் வெளியிட்டார். இத்தனை குளியல் மாளிகைகளும் கழிப்பிடங்களும் கட்டியிருந்தும் ரோமானியர் காலத்தில் குடற்புழுக்கள் குறையவில்லை என்று அவர் கண்டார். அடிக்கடி மாற்றாத வெதுவெதுப்பான குளியல் நீரே புழு பரவ உதவியிருக்கலாம் என்பது அவர் தெரிவித்த கருத்துகளில் ஒன்று.

ரோமானியர் கட்டிய குளியல் இடங்களில் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. அந்த ஊரின் பெயரே பாத். அதாவது, குளியல் என்பதே ஊருக்குப் பெயராக அமைந்துவிட்டது. அங்கே நிலத்தடியிலிருந்து 46 பாகை செல்சியஸ் சூட்டில் ஒவ்வொரு நாளும் 11 லட்சம் லிட்டருக்கும் மேலான நீர் பொங்கி வருகிறது. பல நூற்றாண்டுகளாக மக்கள் அதில் குளித்து வந்தார்கள். 1978ஆம் ஆண்டில் அந்த நீரில் நீந்திய ஒரு சிறுமி மூளைக் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். வெதுவெதுப்பான நீரில் வாழும் நெக்லேரியா என்ற கண்ணுக்குத் தெரியாத அமீபா, மூக்கின் வழியாக ஏறி மூளையைத் தாக்கியிருந்தது. இரண்டாயிரம் ஆண்டு பெருமை பெற்ற அந்தக் குளத்தில் குளிப்பதை அதன் பின் நிறுத்திவிட்டார்கள். இன்று மக்கள் அதைப் பார்க்கலாம், இறங்கக் கூடாது. அந்த ஊரில் பொதுமக்கள் வெந்நீரில் குளிப்பதற்குப் புதிய கட்டடம் 2006ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. அதற்கு ஆழ்துளைக் கிணறு வழியாக நீர் எடுத்து, முறைப்படி தூய்மை செய்து பயன்படுத்துகிறார்கள்.

இனி நம் பக்கத்து ஆசியக் கண்டத்தைப் பார்ப்போம். வெந்நீர்க் குளியலில் ரோமானியருக்குச் சளைக்காதவர்கள் ஜப்பானியர்கள். 1942 முதல் 1945 வரை அவர்கள் சிங்கப்பூரை ஆண்டபோது, செம்பவாங் வெந்நீர் ஊற்றையும் தங்கள் குளியலுக்காக மாற்றி அமைத்தார்கள். அந்த ஊற்று 2020ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் பொதுமக்கள் காலை நனைத்து இளைப்பாறும் பூங்காவாகப் புதுப்பித்துத் திறக்கப்பட்டது.

ஜப்பானியரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. வெந்நீர்த் தொட்டியில் இறங்குமுன் வெளியே உட்கார்ந்து சோப்புப் போட்டு உடம்பை நன்றாகக் கழுவிக்கொள்வார்கள். அழுக்கைப் போக்குவது வெளியே. உடல் அலுப்பைப் போக்குவது தொட்டிக்குள்ளே. துண்டைக்கூடத் தொட்டி நீரில் நனைக்க மாட்டார்கள். கூழானாலும் குளித்துக் குடி என்று நம் முன்னோர் சொன்னார்கள். ஜப்பானியரோ குளிப்பதற்கு முன்பே ஒரு குளியல் வேண்டும் என்கிறார்கள்! தொட்டிக்குள் போகும் அழுக்கின் அளவை இந்த ஒரு வழக்கம் பெரிதும் குறைத்துவிடுகிறது. ஆனால் வழக்கம் மட்டும் போதவில்லை. 2002ஆம் ஆண்டில் ஜப்பானின் மியாசாகி மாநிலத்தில் ஒரு வெந்நீர்க் குளியல் நிலையத்தில், ஒரே நீரைத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டுப் பயன்படுத்தினார்கள். கிருமி நீக்கம் போதிய அளவில் இல்லை. நுரையீரல் காய்ச்சல் பரவி 7 பேர் இறந்தார்கள். உடம்பைக் கழுவிக்கொண்டு இறங்குவது ஒரு பாதி; நீரையே காப்பது மறு பாதி.

நீரைக் காக்கும் மருந்து எப்படிக் கிடைத்தது? 1774ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டு மருந்துக் கடைக்காரரான கார்ல் ஷீலே, மூக்கைத் துளைக்கும் பச்சை கலந்த மஞ்சள் நிற வாயு ஒன்றைக் கண்டுபிடித்தார். அது ஒரு தனிமம் என்று 1810ஆம் ஆண்டில் உறுதி செய்து, அதற்குக் குளோரின் என்று பெயரிட்டவர் ஆங்கிலேய அறிஞர் ஹம்ப்ரி டேவி. தொடக்கத்தில் அதைத் துணி வெளுக்கத்தான் பயன்படுத்தினார்கள். நாற்றத்தை அது போக்குகிறது என்பதைப் பிறகு கண்டார்கள்.

1847ஆம் ஆண்டில் வியன்னா நகர மருத்துவமனையில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற மருத்துவர் வேலை பார்த்தார். அங்கே பிள்ளை பெற வந்த தாய்மார்கள் காய்ச்சலால் கூட்டம் கூட்டமாக இறந்துகொண்டிருந்தார்கள். பிணத்தை அறுத்துப் பார்த்த மருத்துவர்கள், அதே கையோடு வந்து பிரசவம் பார்ப்பதே காரணம் என்று அவர் கருதினார். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவிய பிறகே தாய்மாரைத் தொடவேண்டும் என்று கட்டளையிட்டார். அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் நூறு தாய்மாருக்கு 18 பேர் இறந்தார்கள். கை கழுவத் தொடங்கிய பின் சூன் மாதத்தில் அது 2 பேர் என்ற அளவுக்கு இறங்கியது. அப்போது நோய்க்கிருமி பற்றிய அறிவு உலகத்துக்கு வரவில்லை. ஆயினும் மருந்து வேலை செய்தது.

கையைக் கழுவிய மருந்தை ஒரு நகரத்தின் குடிநீரிலேயே கலக்கத் துணிந்தவர்களுள் முக்கியமானவர் ஜான் லீல் என்ற அமெரிக்க மருத்துவர். அவருடைய தந்தையும் மருத்துவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றச் சென்ற இடத்தில் தந்தைக்கு வயிற்றுக்கடுப்பு நோய் வந்தது. அது தீராமலே பல ஆண்டு வருந்தி 1882ஆம் ஆண்டில் இறந்தார். கெட்ட நீரின் கொடுமையை வீட்டிலேயே பார்த்து வளர்ந்தவர் லீல். நியூ ஜெர்சி மாநிலத்து ஜெர்சி நகரத்துக்கு நீர் வழங்கும் நிறுவனத்துக்கு அவர் ஆலோசகராக இருந்தார். 1908ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் முதல், பூன்டன் நீர்த்தேக்கத்திலிருந்து வரும் நீரில் மிகச் சிறிய அளவு குளோரின் மருந்து கலக்க ஏற்பாடு செய்தார். யாரிடமும் முன்கூட்டிக் கேட்கவில்லை. குடிதண்ணீரில் நஞ்சு கலப்பதா என்று எதிர்ப்பு எழுந்தது. வழக்கு மன்றத்திலும் கேள்விகள் பறந்தன. இந்த நீரை நீர் குடிப்பீரா, உம் மனைவி மக்களுக்குக் கொடுப்பீரா என்று கேட்டார்கள். கொடுப்பேன் என்று அவர் தயங்காமல் விடை சொன்னார். 1910ஆம் ஆண்டில் தீர்ப்பு அவருக்குச் சார்பாக வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அமெரிக்க நகரங்கள் பலவும் அந்த முறையைப் பின்பற்றின. குளிக்கும் குளங்களுக்கும் அதே மருந்து வந்து சேர்ந்தது.

மருந்து கிடைத்துவிட்டது, கதை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மருந்து வேலை செய்ய நீரின் தன்மை ஒத்துவர வேண்டும். இதை விளக்க நாம் வேறெங்கும் போகவேண்டாம். ரப்பர் தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது கைவந்த செய்தி. பால்மரத்திலிருந்து எடுத்த பாலில் பார்மிக் அமிலத்தைச் சேர்த்தால் பால் உறைகிறது. அமோனியாவைச் சேர்த்தால் உறையாமல் நிற்கிறது. முன்னது அமிலம், பின்னது காரம். பால் ஒன்றுதான், அதில் அமிலம் மிகுந்ததா காரம் மிகுந்ததா என்பதைப் பொறுத்து அதன் போக்கு மாறுகிறது. எந்த நீருக்கும் இந்தத் தன்மை உண்டு.

அமிலத்தையும் காரத்தையும் எண்ணால் சொல்லும் அளவுகோலை 1909ஆம் ஆண்டில் டென்மார்க் நாட்டு அறிஞர் சோரன் சோரன்சன் வகுத்தார். அவர் வேலை பார்த்த ஆய்வுக்கூடம் கார்ல்ஸ்பெர்க் என்ற பீர் ஆலையைச் சேர்ந்தது. அந்த அளவுக்குப் பி.எச். என்று பெயர். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம். மேலே ஏற ஏறக் காரம். ஓர் எண் மாறினால் வலிமை பத்து மடங்கு மாறும். 1934ஆம் ஆண்டில் ஆர்னல்டு பெக்மன் என்ற அறிஞர் இதை அளக்க மின்கருவி ஒன்றைச் செய்தார். கலிபோர்னியாவில் எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்க முடியாமல் தவித்த பழைய நண்பர் ஒருவருக்காகவே அவர் அதைச் செய்தார். பீர் ஆலையில் பிறந்த அளவுகோலும் பழத்தோட்டத்துத் தேவைக்காகப் பிறந்த கருவியும் பின்னாளில் குளியல் தொட்டிக்கும் உதவின.

மாணவர்களே, உங்கள் வீட்டிலேயே இதைச் செய்து பார்க்கலாம். நம் நாட்டின் தேசிய மலரான செம்பருத்தியின் சிவந்த இதழ்களை வெந்நீரில் ஊறவையுங்கள். அந்த நீரில் எலுமிச்சைச் சாறு விட்டால் சிவப்பு மேலோங்கும். சோப்பு நீர் விட்டால் பச்சை நிறத்தை நோக்கி மாறும். தொட்டி நீரைச் சோதிக்கும் தாளும் துளி மருந்தும் இதே முறையில்தான் நிறம் காட்டுகின்றன.

குளோரினுக்கும் பி.எச். அளவுக்கும் என்ன தொடர்பு? குளோரின் நீரில் கரைந்ததும் இரண்டு வடிவங்களில் நிற்கிறது. ஒன்று கிருமியை விரைவாகக் கொல்லும் வலிய வடிவம். மற்றது பல மடங்கு மெலிந்த வடிவம். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது இரண்டும் பாதிக்குப் பாதி. 8க்கு ஏறினால் வலிய வடிவம் ஏறத்தாழக் கால் பங்குதான். ஆக, ஒருவர் மருந்தைக் குறைவின்றிப் போட்டிருந்தாலும் நீரில் காரம் ஏறிவிட்டால் அந்த மருந்து பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். மறுபுறம் அமிலம் மிகுந்தால் கண் எரியும், உலோகக் குழாய் அரிக்கும். கார நீரில் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்தால், கெண்டியின் உட்புறத்தில் வெள்ளை படிவதுபோல் குழாய்களில் படியும். நீர் குழாயை அரிக்குமா, அல்லது அதில் படியுமா என்று கணக்கிட்டுச் சொல்லும் முறையை 1936ஆம் ஆண்டில் வகுத்தவர் கலிபோர்னியாவில் பெர்க்லி நகரப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாங்கிலியர். நீரின் சமநிலை என்று சொல்வது இவற்றையெல்லாம் சேர்த்துத்தான்.

அதே பெர்க்லி நகரில்தான் இன்றைய வெந்நீர்த் தொட்டியின் கதையும் தொடங்குகிறது. இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடிக் கடல் கடந்து வந்த ஜக்கூஸி குடும்பத்துச் சகோதரர்கள் எழுவர். நம் பாட்டன் பூட்டன் கப்பலேறி மலாயா வந்த அதே காலத்தை ஒட்டி அவர்கள் அமெரிக்கா போனார்கள். முதலில் விமானங்களுக்கு விசிறி செய்தார்கள். பிறகு விமானமே செய்தார்கள். 1921ஆம் ஆண்டில் அந்த விமானம் விழுந்து சகோதரர்களில் ஒருவர் உள்பட நால்வர் மாண்டார்கள். அதன் பின் விமானத் தொழிலை விட்டு, விவசாயிகளுக்கு நீர் இறைக்கும் பம்பு செய்யத் தொடங்கினார்கள்.

இளைய சகோதரர் கன்டிடோவின் மகனுக்குக் குழந்தைப் பருவத்திலேயே கடுமையான மூட்டுவாதம் வந்தது. மருத்துவமனையில் சுழலும் வெந்நீரில் அவனை இருத்தினால் வலி சற்றுத் தணிந்தது. ஆனால் நினைத்தபோதெல்லாம் மருத்துவமனைக்குப் போக முடியுமா? நீர் இறைக்கும் பம்பு செய்யும் குடும்பமல்லவா! வீட்டுக் குளியல் தொட்டிக்குள் வைக்கக்கூடிய பம்பு ஒன்றைத் தந்தை உருவாக்கினார். 1956ஆம் ஆண்டில் அது விற்பனைக்கு வந்தது. 1968ஆம் ஆண்டில் அதே குடும்பத்து ராய் ஜக்கூஸி, பம்பும் குழாயும் தொட்டியோடு சேர்ந்தே அமைந்த சுழல்நீர்த் தொட்டியைச் செய்தார். ஒரு தந்தையின் பாசத்தில் பிறந்த கருவி உலகமெங்கும் பரவியது. அதே காலத்தில் கலிபோர்னியாவில் சிலர் திராட்சை மது வைக்கும் பெரிய மரப் பீப்பாய்களில் வெந்நீர் நிரப்பிக் கூட்டமாக உட்கார்ந்து குளிக்கத் தொடங்கினார்கள். 1970க்குப் பின் விடுதிகளிலும் வீடுகளிலும் வெந்நீர்த் தொட்டி பெருகியது.

தொட்டி பெருகிய வேகத்தில் நீரைக் காக்கும் அறிவு பெருகவில்லை. நீச்சல் குளத்தைப் பார்த்துக்கொள்வதுபோல் இதையும் பார்த்துக்கொண்டால் போதும் என்று நினைத்தார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,500 லிட்டர் பிடிக்கும் தொட்டியில் 4 பேர் இறங்கினால் ஒருவருக்கு 375 லிட்டர். 25 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் ஆழம் உள்ள நீச்சல் குளத்தில் 3,75,000 லிட்டர் நீர் இருக்கும். தொட்டியில் 4 பேர் இறங்குவது அந்தக் குளத்தில் 1,000 பேர் இறங்குவதற்குச் சமம்! நான்கு பேரின் வியர்வையும் எண்ணெய்ப் பசையும் தோல் துகளும் அந்தச் சிறிய நீரில்தான் சேர்கின்றன. குளோரின் இந்த அழுக்கோடு போராடித் தீர்ந்துபோகிறது. வெப்பம் அதை மேலும் விரைவாகக் குறைக்கிறது. குமிழிகள் அதை வெளியேற்றுகின்றன. கிருமிகளுக்கோ அந்த இளஞ்சூடு தாய்வீடு. குழாய்களின் உட்புறத்தில் வழவழப்பான படலம் கட்டிக்கொண்டு, மருந்து எட்டாத மறைவில் அவை வாழ்கின்றன. பல நாள் கழுவாத நீர்த்தொட்டியின் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும்.

விளைவு விரைவில் தெரிந்தது. 1975ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் ஒரு விடுதியின் சுழல்நீர்த் தொட்டியில் குளித்தவர்களுக்கு உடம்பெல்லாம் சிவந்த கொப்புளங்கள் வந்தன. சூடோமோனாஸ் என்ற கிருமியே காரணம். அது தோலோடு போயிற்று. அடுத்த ஆண்டு வந்தது அதைவிடக் கொடியது. 1976ஆம் ஆண்டு சூலை மாதத்தில் பிலடெல்பியா நகரில் முன்னாள் போர்வீரர்கள் மாநாடு கூட்டினார்கள். வந்தவர்களிடையே இன்னதென்று தெரியாத நுரையீரல் காய்ச்சல் பரவியது. 221 பேர் நோயுற்று 34 பேர் இறந்தார்கள். 1977ஆம் ஆண்டு சனவரியில் ஜோசப் மெக்டேட் என்ற ஆய்வாளர் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்தார். மாநாடு கூட்டிய சங்கத்தின் பெயரை ஒட்டி அதற்கு லீஜியனெல்லா என்று பெயர் வைத்தார்கள். அது வெதுவெதுப்பான நீரில் பெருகி, நுண்ணிய நீர்த்துளிகளோடு மூச்சில் புகுந்து நுரையீரலைத் தாக்கும் கிருமி. குமிழி வெடித்து ஆவியும் சாரலும் எழும் வெந்நீர்த் தொட்டியைப்போல் அதற்கு ஏற்ற இடம் வேறு எது?

1999ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் என்ற ஊரில் மலர்க் கண்காட்சி நடந்தது. பூக்களைப் பார்க்க மக்கள் திரண்டார்கள். அங்கே விற்பனைக்காக ஒரு வெந்நீர்த் தொட்டியை நீர் நிரப்பிக் குமிழிவிட்டுக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் யாரும் குளிக்கவில்லை. பார்ப்பதற்கு நீர் தெளிவாகவே இருந்திருக்கும். ஆனால் அதைக் கடந்து நடந்தவர்கள் சுவாசித்த காற்றில் லீஜியனெல்லா கலந்திருந்தது. 200க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 32 பேர் இறந்தார்கள். பூப் பார்க்கப் போனவர்கள் பிணமானார்கள். 2019ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்துச் சந்தை ஒன்றிலும் காட்சிக்கு வைத்த வெந்நீர்த் தொட்டிகளை ஒட்டி இதே நோய் பரவி நால்வர் இறந்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்தும் அதே பாடம்!

நேயர்களே, இந்தப் பாடங்களிலிருந்து உருவான விதிகளைச் சுருக்கமாகச் சொல்கிறோம். விடுதியில் வேலை பார்க்கும் பிள்ளைகள் குறித்து வைத்துக்கொள்ளலாம்.

முதலாவது, நீரின் சூடு 40 பாகை செல்சியசுக்கு மேல் போகக் கூடாது. இரண்டாவது, ஒவ்வொரு லிட்டர் நீரிலும் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரின் எப்போதும் இருக்கவேண்டும். புரோமின் பயன்படுத்தினால் 4 முதல் 8 மில்லிகிராம். மூன்றாவது, பி.எச். அளவு 7.2க்கும் 7.8க்கும் இடையே நிற்கவேண்டும். நான்காவது, இவற்றை ஒரு நாளில் இரண்டு முறையாவது சோதித்து ஏட்டில் எழுதவேண்டும். கூட்டம் மிகுந்தால் இன்னும் அடிக்கடி. ஐந்தாவது, வடிகட்டியைக் கழுவவேண்டும். குறித்த காலத்தில் நீரை முழுதும் வடித்து, வழவழப்புப் போகத் தேய்த்து, புது நீர் நிரப்பவேண்டும். பழைய நீரில் மருந்தை மட்டும் கூட்டிக்கொண்டே போவது அழுக்குத் துணிக்கு அத்தர் பூசுவதுபோல.

ஆறாவது, உயிர் காக்கும் விதி. குளோரின் மருந்தையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். கலந்தால் நச்சு வாயு எழும். 1915ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்றதும் இதே குளோரின் வாயுதான். மருந்தை நீரில் போடவேண்டும். மருந்தின் மேல் நீரை ஊற்றக் கூடாது. கையுறையும் காற்றோட்டமும் வேண்டும். கையுறை கேட்பது கோழைத்தனமாகாது. அது தொழிலாளியின் உரிமை.

குளிக்கப் போகிறவர்களுக்கும் கடமை உண்டு. முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு இறங்குங்கள். ஆறாத புண்ணோ வயிற்றுப்போக்கோ உள்ளவர்கள் இறங்கவேண்டாம். ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை இறக்கவேண்டாம். கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேளுங்கள். இயற்கை வெந்நீர் ஊற்றுகளில் தலையை முக்காதீர்கள். மூக்கில் நீர் ஏறவிடாதீர்கள். குளத்தருகே மூக்கைத் துளைக்கும் வாடை வந்தால், மருந்து நிறையப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது வியர்வையோடும் சிறுநீரோடும் கூடிக் கெட்டுப்போன குளோரினின் வாடை. நன்றாகக் காக்கப்பட்ட நீரில் கடும் வாடை வருவதில்லை.

நம் ஊர்களில் கலங்கல் நீரைத் தெளியவைக்கப் படிகாரம் போட்டார்கள். தமிழகத்துக் கிராமங்களில் தேற்றாங்கொட்டையை உரைத்தார்கள். இரண்டும் மண்ணைக் கீழே இறக்கும் நல்ல முறைகள். ஆனால் தெளிவு வந்துவிட்டதாலேயே தூய்மை வந்துவிடுவதில்லை. அதனால்தான் தெளிந்த குடிநீரையும் கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று பள்ளியில் ஓயாமல் சொல்கிறோம்.

செல்சஸ் சந்தேகப்பட்டார். செம்மல்வைஸ் கழுவச் சொன்னார். லீல் துணிந்து கலந்தார். சோரன்சன் அளவு வகுத்தார். இவர்கள் எல்லோரும் தேடித் தந்த அறிவு இன்று ஒரு சிறு பெட்டியில் அடங்கியிருக்கிறது. அதிகாலையில், விருந்தினர் எழுமுன், விடுதித் தொட்டியின் அருகே குந்தி உட்கார்ந்து, குழாயில் நீர் எடுத்து, மருந்துத் துளி விட்டு, நிறத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் தொழிலாளியின் கையில் அந்தப் பெட்டி இருக்கிறது. போவன்கார்ஸ்பெல் கண்காட்சியில் அப்படி ஒருவர் அந்தத் தொட்டியைக் காலையும் மாலையும் சோதித்துக் காத்திருந்தால் அந்த 32 பேர் பூப் பார்த்துவிட்டு வீடு திரும்பியிருப்பார்கள். அந்த வேலையைச் சிறு வேலை என்று யாரும் சொல்லவேண்டாம். உங்கள் பிள்ளை அந்த வேலையில் இருந்தால், நாள்தோறும் சோதிக்கிறாயா, எழுதி வைக்கிறாயா என்று அன்போடு கேளுங்கள்.